ஏடும் செம்பும் மிடறும்

2023ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களிற் சீகாழித் திருக்கோயிற் குடமுழுக்கின்பொருட்டு யாகசாலை அமைக்க நிலத்தை அகழ்ந்தபோது, இருபதுக்கு மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், அவற்றோடு நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டமையை அன்பர்கள் அறிவர். அச்செப்பேடுகளில் தேவாரத் திருப்பதிகங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆளுடைய பிள்ளையார் ஞானப்பால் உண்ட ஊரில் அவர்தம் திருவாக்கே மண்ணினின்றும் எழுந்து வந்ததென்று சைவவுலகம் களித்தது. அக்களிப்பில் யாமும் பங்குகொண்டேம்.

அந்நாளில் எம்மிடம் வந்த நண்பர் சிலர், “நரலோகவீரன் எழுதுவித்த செப்பேடுகள் கிடைத்துவிட்டன போலும்” என்றனர். நரலோகவீரனாவான் முதற் குலோத்துங்க சோழன், விக்கிரம சோழன் என்னும் இருவர் காலத்தும் படைத்தலைமை பூண்டு விளங்கிய மணவிற் கூத்தனான காலிங்கராயன். அவன் தில்லையிற் செய்த திருப்பணிகளை அவ்வூர்க் கல்வெட்டுப் பாக்கள் தொகுத்துக் கூறுகின்றன. மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்தமையும் அவற்றுள் ஒன்று. ஆயினும் அவன் எழுதுவித்தது தில்லையில். இவை கிடைத்தது சீகாழியில். எழுத்தின் அமைதியும் பாடவேறுபாடும் நன்கு ஆராயப்படுமுன் அவையே இவையென்று கூறுதல் ஆராய்ச்சிக்கு முறையன்று. நண்பர்க்கு யாம் கூறிய விடை இவ்வளவே. அவர்கள் சற்றே மனஞ்சோர்ந்து சென்றனர்.

அவர்கள் சென்றபின் எமக்கு வேறோர் ஐயம் எழுந்தது. செப்பேடு எழுத்தைக் காத்தது. ஏடும் எழுத்தைக் காத்தது. ஆயின் அவ்வெழுத்துக்களைப் பண்ணோடு பாடும் முறையை இத்தனை நூற்றாண்டுகள் காத்தவர் யாவர்? அவர்க்குச் சோறிட்டவர் யாவர்? மன்னர் பெயர்களையும் படைத்தலைவர் பெயர்களையும் யாம் இளமையிலேயே மனனஞ் செய்தேம். பாடினவர் பெயர்களை எவரும் எமக்குக் கற்பித்திலர். அவற்றைக் கல்வெட்டுக்களில் தேடியவழிக் கண்டன சிலவற்றையே இக்கட்டுரையில் எடுத்துரைக்கப் புகுகின்றேம்.

திருமுறை கண்ட வரலாறு சைவர் யாவரும் அறிந்தது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி பொல்லாப் பிள்ளையாரருளாற் செய்தி அறிந்ததும், சோழ மன்னனோடு தில்லை சென்றதும், மூவர் கையடையாளமிட்ட அறையைத் திறந்ததும், புற்று மூடிய ஏடுகளுள் வேண்டுவனவற்றை மட்டும் இறைவன் எஞ்சவைத்தான் என்று அசரீரி எழுந்ததும் ஆகிய இவற்றை விரித்தல் வேண்டா. உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் அவ்வளவில் நிற்கவில்லை. அதற்குமேலும் ஒரு செய்தி கூறுகின்றது. விரிவுரையாளர் பெரும்பாலும் ஏடு கிடைத்த மகிழ்ச்சியோடு கதையை முடித்துவிடுதலின் அப்பிற்பகுதி மக்களிடைப் பரவவில்லை.

ஏடுகள் கிடைத்தன, பண் கிடைத்திலது. எழுத்தைப் பார்த்துப் படிக்கலாம், பாடுமாறு எங்ஙனம்? மன்னனும் நம்பியும் மீண்டும் கூத்தப்பெருமான் திருமுன் நின்று வேண்டினர். திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண்ணொருத்தி உளள். அவட்குப் பண் முறையை அருளினோம் என்று அசரீரி உணர்த்தியதாம். விருத்தாசலத்தை அடுத்து இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்குவதே அவ்வூர். இருவரும் ஆண்டுச் சென்று அப்பெண்ணைத் தில்லைக்கு அழைத்து வந்து, அவள் பாடிக் காட்டியவாறே பண்ணடைவு வகுத்தனர் என்பது புராணம். முடிமன்னனும், நம்பியும், பாணர் குலத்துப் பெண்ணொருத்தியின் மிடற்றைத் தேடிச் சென்றனர். அவள் பெயரைப் புராணம் கூறிற்றிலது. யாழ் வாசித்தற்குரிய குடிகள் பிற்காலத்துத் தாழ்வாக எண்ணப்பட்டமை நாம் அறிந்ததே. அங்ஙனம் எண்ணியவர்கள் பாடிய பண்ணெல்லாம் அக்குடியினின்றும் வந்தன என்பதை அவர்கள் நினைத்திலர் போலும்.

ஈண்டு அறிஞர்க்கு ஒரு தடை தோன்றும். நம்பியைக் கொண்டு திருமுறை வகுப்பித்த மன்னன் முதல் இராசராசனே என்பார் பலர். ஆதித்தன் என்பார் சிலர். அவ்வழக்கில் யாம் தலையிடேம். யாவனாயினும் ஆகுக, அவன் காலத்திற்கு முன்பே திருப்பதியம் பாடப்பட்டமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டே, பின் மறைந்தது என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும் என்பதே அத்தடை. சான்று உண்மையே. வடார்க்காட்டுத் திருவல்லத்துக் கோயிலில் மூன்றாம் நந்திவருமனுடைய 17ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. அது ஒன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியினது. அவன்கீழ் ஆண்ட வாணர் தலைவன் காலத்து நிவந்தத்தைக் கூறுமிடத்து, திருப்பள்ளித்தாமம் பறிப்பார்க்கும், திருப்பதியம் பாடுவார் உள்ளிட்ட பல பணி செய்வார்க்கும் நெல் வகுக்கப்பட்டது. எனவே மூவர் பாடல் அந்நாளிலேயே கோயில்களிற் பாடப்பட்டது திண்ணம்.

எம் கருத்து வருமாறு: அவ்வவ் வூரிற் பாடி வந்தவர் அவ்வவ் வூர்க்குரிய பதிகங்களையும், அண்டையூர்ப் பதிகங்கள் சிலவற்றையுமே அறிந்திருத்தல் கூடும். மூவர் அருளிய அனைத்தையும் ஒருங்கு தொகுத்து வைத்த இடம் ஒன்று இன்மையாலோ, இருந்தும் திறப்பாரின்மையாலோ முழுத்தொகை மறைந்திருக்கும். மறைந்தது தொகை, மறையாதிருந்தவை உதிரிகள். புராணமும் கல்லும் இங்ஙனம் கொள்ளின் முரணா. ஒருவர் மிடறு தாங்கும் அளவிற்கு எல்லையுண்டு. ஏடு அவ்வெல்லையைக் கடக்கும். ஆதலின் ஏட்டை யாம் இகழ்கின்றேம் என்று எவரும் கருதற்க.

திருவல்லக் கல்வெட்டு மற்றொரு வகையானும் நம் சிந்தைக்கு விருந்தாகும். பூப்பறிப்பாரையும் பதியம் பாடுவாரையும் அது ஒரே தொடரில் வைத்து எண்ணுகின்றது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு கழிந்து அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் தாச மார்க்கத்தை வகுத்துக் கூறுங்கால், திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல், புகழ்ந்து பாடுதல், திருவிளக்கிடுதல் என்பவற்றை ஒரு நிரலில் வைத்தார். சரியையின் இலக்கணத்தை ஆசிரியர் தம் உள்ளத்தினின்றும் புதிதாக வகுத்தார் என்று நாம் நினைக்கின்றோம். நூல் எழுதப்படுமுன்னரே, கோயிலிற் கூலி வாங்கிப் பணி செய்தார் வாழ்க்கையில் அந்நிரல் அமைந்துகிடந்தது. சாத்திரம் பயில்வோர் கல்வெட்டையும் பயிலல் வேண்டும் என்று யாம் மாணாக்கர்க்கு அடிக்கடி கூறுவதன் காரணம் இதுவே. கல்வெட்டுப் படிப்பார் சாத்திரத்தைப் பயிலாமை வேறொரு குறை. அதனைப் பிறிதொருகாற் பேசுவோம்.

இனித் தஞ்சைக்கு வருவோம். இராசராசேச்சுரத்தில் முதல் இராசராசன் தன் 29ஆம் ஆண்டு (1014) வரையிற் செய்த நிவந்தங்களுள் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார்க்குரியது ஒன்று. பாடுவார் 48 பேர். உடன் உடுக்கை வாசிப்பான் ஒருவன். கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன். ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு நெல் முக்குறுணி, ஆடவல்லான் என்னும் மரக்காலால், உடையார் உள்ளூர்ப் பண்டாரத்தே பெறுவது. இந்த அளவைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முக்குறுணியாவது 24 நாழி. 5 நாழி நெல்லுக்கு 2 நாழி அரிசி என்பது அக்காலக் கோயிற்கணக்கு. அதன்படி ஒருவர்க்கு நாட்கூலி ஒன்பதரை நாழி அரிசியளவாம். ஒரு குடும்பம் உண்டு, எஞ்சியதை விற்று உடையும் எண்ணெயும் கொள்ளலாம். ஐம்பதின்மர்க்கும் நாள்தோறும் 150 குறுணி, அஃதாவது பன்னிரண்டரைக் கலம். ஆண்டொன்றுக்கு 4500 கலத்திற்கு மேல். பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியப்போர் அதன் அடிப்பகுதியில் வெட்டப்பட்ட இவ்வெண்களைக் குனிந்து பார்ப்பதில்லை.

அந்த ஐம்பதின்மர் பெயர்களையும் கல்வெட்டு ஒவ்வொன்றாகக் கூறுகின்றது. இயற்பெயர் வேறு வேறாயினும் ஞானசிவன், அகோரசிவன், வாமசிவன் என்றாற்போலச் சிவன் என முடியும் தீக்கைப் பெயர் அவர்க்கு உண்டு. தீக்கை பெற்றாரே திருமுன் நின்று பாடினர் என்பதும், பாட்டுத் தொழிலினை வெறும் இசைத்தொழிலாக அன்றிச் சிவபுண்ணியமாகக் கொண்டனர் என்பதும் இதனாற் புலப்படும். ஆயினும் சிவபுண்ணியம் என்று கூறி அவரைப் பட்டினியிட்டிலர்.

இதனினும் சிறந்தது அதன் பின்வரும் விதி. பாடுவாருள் ஒருவர் இறந்தாலும், வேற்றூர்க்குப் போய்விட்டாலும், அவர்க்கு அணுக்க உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியிலராயின், தகுதியுடைய வேறொருவரைத் தாமே தெரிந்து நிறுத்தி அவரைப் பாடுவித்து நெல் பெறுதல் வேண்டும். அணுக்க உறவினரே இலராயின், எஞ்சிய பாடுவார்கள் கூடித் தகுதியுடையார் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். அவ்வாறு தேரப்பட்டவர்க்கு முன்னவர் பெற்ற நெல் அப்படியே உரியதாம்.

மடத்துத் தலைவர்களும் பாடசாலை நடத்துவோரும் இவ்விதியை இருமுறை படிக்குமாறு வேண்டுகின்றேம். இது பிறப்புரிமை என்பாரும் உளர்; அவர் இரண்டாம் வரியைப் படித்திலர். தகுதியில்லாத மகன் தந்தையின் இடத்தில் நின்று வாயசைத்தற்கு இதில் இடமில்லை. தகுதியுடையான் ஒருவனைத் தேடிக் கொணர்தல் அவன் கடன். எவ்வுரிமையும் வேண்டா, தகுதி ஒன்றே போதும் என்பாரும் உளர். அவர் முதல் வரியை மறந்தார். சிறுபருவத்திலிருந்தே கேட்டுப் பழகிய வீட்டுப்பிள்ளைக்குச் செவி முன்னரே பண்பட்டிருக்கும் ஆதலின் அவனை முதலிற் பார்க்க என்றது விதி. மூன்றாவதாக, தகுதியைத் தேர்ந்து கூறுவார் யாவர் என்னும் வினாவிற்கு விடை கூறிய திறம் வியக்கத்தக்கது. அரசனிடத்தோ அவன் அதிகாரியிடத்தோ அவ்வுரிமையை விடாது, உடன் பாடுவாரிடத்தே விட்டான் இராசராசன். பாடுவான் ஒருவனது பிழை உடன் பாடுவான் செவிக்கே முதலில் உறுத்தும்.

அந்நெல் இன்று அளக்கப்படுவதில்லை. எவ்வாண்டில், எக்குழப்பத்தில், எவரால் நின்றது என்று கூறுவார் இலர். ‘சந்திராதித்தவற்’ என்று கல்வெட்டுக்களில் எழுதுவது வழக்கம். சந்திரனும் ஆதித்தனும் உளர்.

தஞ்சை அரசன் ஊர். அங்குப் பொருளுக்குக் குறைவில்லை. எம் உள்ளத்தை அதனினும் மிகுதியாகக் கவர்ந்தது விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கல்வெட்டுச் செய்தி. சோழர் காலத்தில் அக்கோயிலில் திருப்பதியம் பாடக் கண்பார்வையற்றார் 16 பேர் நியமிக்கப்பட்டனர். அவரை அழைத்துச் செல்லக் கண்காட்டுவார் இருவரும் நியமிக்கப்பட்டனர். பாடினார்க்கு நெல் அளந்தமை போலவே கண்காட்டினார்க்கும் அளந்தனர்.

இதனை அருட்செயல் என்று கூறி அப்பாற் செல்வது எளிது. அருட்செயலே; ஐயமில்லை. ஆயின் நிவந்தம் வைத்தார் இரக்கங் கருதி மட்டும் இதனைச் செய்தார் என்று எமக்குத் தோன்றவில்லை. கண்ணில்லாதார் ஏட்டைப் பார்த்துப் பாடுதல் இயலாது. அவர் கற்றதெல்லாம் செவிவழி, வைத்ததெல்லாம் நெஞ்சினுள். ஆதலின் திருவாமாத்தூரில் அப்பதினாறு மிடறுகளும் ஏட்டின் துணை வேண்டாத ஒரு திருமுறைச் சுவடியாக விளங்கின. ஒருவர்க்கு ஒருசொல் நழுவின் மற்றைப் பதினைவர் வாயில் அது நிற்கும். புற்றேறும் அச்சமில்லை, நெருப்பஞ்ச வேண்டா. இத்தகைய சுவடியைக் காத்தற்கு வேண்டியன பதினாறு கலங்களிற் சோறும், முன்னே கைபிடித்து நடப்பார் இருவருமே. அவ்விருவரையும் எண்ணுந்தோறும் எமக்கு ஒரு நிறைவு. தாம் பாடத் தெரியாதவராயிருந்தாலும் பாட்டு நின்றுவிடாதபடி நாள்தோறும் வழிகாட்டி வந்தனர்.

கண்ணில்லாமையைப் பற்றிப் பேசியதால் ஒன்று நினைவிற்கு வருகின்றது. செந்துருத்தி என்னும் பண்ணில் தேவாரத்துள் ஒரேயொரு பதிகமே உளது. அது தம்பிரான் தோழர் கண்ணிழந்து காஞ்சியில் ஒரு கண் பெற்று, மற்றைக் கண்ணை வேண்டித் திருவாரூரிற் பாடியது. ஒரு பண் முழுவதும் ஒரு பதிகத்தின்மேல் தொங்குகின்றது. அதனைப் பாடுவார் ஒழியின் செந்துருத்தி என்னும் பெயர் ஏட்டிலிருக்கும், பண் இராது. இன்று ஓதுவார் அதனை மத்தியமாவதியிற் பாடுகின்றனர். மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும், புறநீர்மையைப் பூபாளத்திலும், காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளத்திலும் பாடும் வழக்கும் ஓதுவார் மிடற்றுவழி வந்ததேயன்றி ஏட்டுவழி வந்ததன்று. சென்னைத் தமிழிசைச் சங்கத்தார் 1949ஆம் ஆண்டு தொடங்கிப் பண் ஆராய்ச்சி நடத்தியபோதும் முதற்சான்றாக முன்வைத்தது ஓதுவார்கள் பாடிக் காட்டியதையே.

யாழ்முரியும் அத்தகையதே, அதற்கும் ஒரு பதிகமே. ஆளுடைய பிள்ளையார் தருமபுரத்திற் பாட, அதனை யாழில் அடக்க முயன்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் இயலாமை கண்டு யாழை உடைக்கப் புகுந்தார் என்பது வரலாறு. (அத்தருமபுரம் காரைக்காலை அடுத்தது, மயிலாடுதுறையில் ஆதீனம் விளங்கும் தருமபுரம் வேறு. இளைஞர் சிலர் மயங்குதலின் கூறினேம்.) கருவியில் அடங்காத அப்பாட்டு மிடற்றில் அடங்கியது. அந்த யாழ்ப்பாணர் மரபிற் பெண்ணே பின்னாளிற் பண் முழுவதையும் மீட்டுக் கொடுத்தாள் என்று புராணம் கூறுமிடத்து, முன்னைக் கதை நிறைவெய்துகின்றது.

கல்லும் தன் பங்கைச் செய்தது. திருவாரூர்ப் பகுதியிலுள்ள திருவிடைவாய் என்னும் தலத்திற்குரிய ஆளுடைய பிள்ளையார் பதிகம் ஏடுகளில் இல்லாதொழிந்தது. அக்கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டிருந்தது 1917ஆம் ஆண்டளவிற் கண்டறியப்பட்டுப் பதிப்புக்களிற் சேர்க்கப்பட்டது. அதனை வெட்டுவித்தவர்க்குச் சைவவுலகம் கடன்பட்டுள்ளது. ஆயினும் இத்தனை நூற்றாண்டு அச்சுவரைக் கடந்து நடந்த மக்கள் அப்பதிகத்தைக் கேட்டிலர். கல் எழுத்தை வைத்திருந்தது, பாடிற்றிலது.

நம் சாத்திரம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நான்கு. அவை சுத்தமாயையின் விருத்திகள். முன்னைய மூன்றும் உள்ளே நிகழ்வன. வைகரி ஒன்றே பிராணவாயுவின் உந்துதலால் மிடறு, நா, இதழ் முதலியவற்றைப் பொருந்திப் பிறர் செவிக்குப் புலனாவது. ஏட்டில் எழுதிய வடிவமோ அவ்வைகரிக்கு இட்ட குறி. குறியைக் கண்டவுடன் உள்ளே மத்திமை எழுதற்கு, முன்னர் ஒருவர் வாயினின்றும் வைகரியைக் கேட்டிருத்தல் வேண்டும். அபரஞானம் குருமுகமாகப் பெறத்தக்கது என்று ஆசிரியர் விதித்ததன் நியாயத்துள் இதுவும் ஒன்றாமென்று யாம் கருதுகின்றேம். கேளாதவன் ஏட்டைப் படிக்கலாம். அவன் படிப்பது அவன் உள்ளத்தில் ஏற்கனவே உள்ள ஓசையை. அருளாளர் ஓசையை அன்று.

“இக்காலத்தில் ஒலிப்பதிவு உளதே, மிடற்றையே பதிந்து வைத்துவிட்டால் முடிந்ததன்றோ?” என்று ஒருவர் வினவலாம். வினவினார். ஒலிப்பதிவு நன்று; பெரிய ஓதுவார்களின் குரல் எமக்கும் அதனாற் கிடைத்தது. ஆயின் அது குரலுடைய செப்பேடு. மாணாக்கன் தவறிப் பாடின் அது திருத்தாது. அவன் மூச்சு எத்துணை நீளும் என்று அறிந்து நிறுத்துமிடம் காட்டாது. அதனைக் கேட்டுப் பயின்ற இளைஞர் சிலர், முதுமையினாற் பாடியவர்க்கு ஏற்பட்ட நடுக்கத்தையும் பண்ணின் கூறென்று கொண்டு பாடக் கேட்டிருக்கின்றேம்.

எம் ஊர்க்கு அடுத்த ஊரிலுள்ள ஒரு சிவாலயத்தில் எம் இளமை தொட்டு ஓதுவார் ஒருவர் இருந்தார். தாண்டகங்களை அவர் பாடும் முறை தனி. தாளக்கட்டின்றி, சொற்பொருள் நின்ற இடத்தில் நின்று, மெல்ல ஏறுவார். அவர்க்குரிய நெல் குத்தகை நிலத்தினின்றும் வரவேண்டியது. பல ஆண்டு வந்திலது. கோயிற்கணக்கர் அடுத்த அறுவடை என்பார். குத்தகைக்காரர் மழையில்லை என்பார். மழை பெய்த ஆண்டு மழை மிகுதி என்பார். அவர்தம் மக்கள் இருவரும் நகரத்திற்குச் சென்று கடைகளில் வேலை பார்த்தனர். தந்தை அவரைத் தடுத்திலர். “என்னிடம் கற்றுக்கொண்டு என்ன உண்பார்கள்?” என்று ஒருநாள் எம்மிடம் வினவினார். யாம் விடை கூறவில்லை.

மேகராகக்குறிஞ்சிப் பதிகம் ஒன்றில் அவர் ஓரிடத்திற் செய்யும் நடையை யாம் வேறெங்கும் கேட்டதில்லை. அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும், ஒரு மாணாக்கனையேனும் அவரிடம் விடவேண்டும் என்று பலகால் எண்ணினேம். பதிப்புப் பணி முடியட்டும் என்றேம். பின் மாநாடு முடியட்டும் என்றேம். ஒரு மார்கழியில் அவர் இறந்தார். சில ஆண்டு அவ்விடம் வெறுமையாய்க் கிடந்தது. பின்னர்க் கோபுரத்தில் ஒலிபெருக்கி கட்டினர். கோயிற்கணக்கரைக் குறை கூறுதற்கு எமக்கு வாயில்லை. குத்தகைக்காரரும் எம்மினும் மிகுதியாகத் தவறு செய்தாரல்லர். அவர் நெல்லைத் தான் கொடுத்திலர். யாம் இரண்டு கல் தொலைவு நடந்திலேம்.

ஆதீனங்கள் பல தேவாரப் பாடசாலைகளை நடத்தி வருகின்றன. அறநிலையத்துறையும் ஓதுவார் பயிற்சிப் பள்ளிகள் நடத்துகின்றது. இவற்றை யாம் போற்றுகின்றேம். ஆயின் சேருங்கால் உண்டியும் உறையுளும் தந்து, முடிக்குங்கால் சான்றிதழ் தந்து, அதன்பின் அம்மாணாக்கன் முப்பது ஆண்டு எதனைக் கொண்டு வாழ்வான் என்று எண்ணிப் பார்த்த ஏற்பாடு எத்துணை இடத்து உளது? இராசராசன் கல்வெட்டில் பயிற்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கூலியும், ஒருவர் போனால் மற்றொருவர் வருமாறுமே அதில் உள்ளன. முக்குறுணி நெல் தவறாது கிடைக்குமாயின், பயிற்சி வீட்டுத் திண்ணையிலேயே நடந்துவிடும் என்று அவன் அறிந்திருந்தான் போலும். திருமுறைப் பதிப்புக்களை அழகிய கட்டுடன் வெளியிடுதற்கு அன்பர்கள் பொருள் தருகின்றனர். நூலின் முகப்பில் அவர் பெயர் அச்சேறும். ஓதுவார் ஒருவர்க்கு ஆண்டுதோறும் நெல் அளப்பார் பெயர் எங்கும் அச்சேறாது என்பது உண்மையே. திருவாமாத்தூரிற் கண்காட்டிய இருவர் பெயரையும் எவரும் நினைவிற் கொண்டிலர்.

சென்ற ஆண்டு பாடசாலையொன்றிற் பயின்ற சிறுவன் ஒருவன் எம் திண்ணைக்கு வந்து, செந்துருத்திப் பதிகத்தை முறையாகக் கேட்கவேண்டும் என்றான். யாம் இலக்கணமும் உரையும் சொல்லத்தக்கேமேயன்றிப் பண் சொல்லத்தக்கேமல்லேம். இரண்டு ஊர்க்கு அப்பால் உள்ள முதிய ஓதுவார் ஒருவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேம். உணவிற்கு வேண்டியதை அன்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். நாற்பது நாள் அங்கே தங்கினான். முதற் பத்து நாளும் முதற் பாட்டையே பாடச் சொன்னாராம். சினந்து ஓடிவந்துவிட எண்ணினானாம். திரும்பி வந்த மாலை திண்ணையிலிருந்து பதிகம் முழுவதும் பாடினான். மூன்றாம் பாட்டில் ஒரு சொல் பிழைத்தது. ஏட்டைப் பார்த்துத் திருத்தினேம். மற்றபடி வாளா கேட்டுக்கொண்டிருந்தேம்.